போல்ட் போனால் போகட்டும்... ஹெட்டைக் காப்பாத்துங்க!

என்ன பாஸ், செமஸ்டர் லீவுக்கு ஊருக்குக் கிளம்பியாச்சா? ஒரு எச்சரிக்கை. ‘நம்ம வீட்டுப் பிள்ளை இன்ஜினீயரிங் படிக்குது’ என்கிற விஷயம் தெருவுக்கே தெரியும். தோட்டத்து பம்ப்செட் ஷெட்ல இருக்கிற பழைய டீசல் இன்ஜினுக்கும் தெரிஞ்சிருக்கும் போல. கரெக்டா நீங்க போய் இறங்குற அன்னிக்குத்தான் அது மக்கர் பண்ணும்!

‘‘நீ மெக்கானிக்கல்தானேப்பா... புகைக்குழாய் அடியில புகை கசியுது. கழட்டி கேஸ்கட் மாத்திக் குடு’’ன்னு அப்பா ஸ்பேனரைக் கையில கொடுப்பார். பார்த்தா சிம்பிள் வேலை. சிலிண்டர் ஹெட்ல ரெண்டே ரெண்டு ஸ்டட், அதுல ரெண்டு நட்டு. முதல் நட்டு சமர்த்தா கழண்டு வரும். ரெண்டாவது அசையாது. நீங்க விடுவீங்களா? ஸ்பேனர்ல ஒரு பைப்பைச் சொருகி, காலை ஊன்றி ஒரு இழு...

இறுகிக் கிடந்த நட்டு திடீர்னு ஜவ்வு மிட்டாய் மாதிரி இளகும். ‘ஆஹா, கழலுது’ன்னு தோணும். கழலலை பாஸ், ஸ்டட் முறுக்கிக்குது! அடுத்த நொடி ‘டக்’. பாதி ஸ்டட் நட்டோடு உங்க கையில. மீதி, ஹெட்டுக்குள்ள மொட்டையா.

இந்த இடத்துலதான் நம்மில் பலருக்கு ரோஷம் வருது. சுத்தியல், உளி, டிரில்லிங் மெஷின்னு ஆயுதங்களோடு இறங்கிடுறோம். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயத்தை மனசுல எழுதிக்குங்க. உடைஞ்ச ஸ்டட் இனி குப்பை. அதை என்ன வேணா செய்யலாம். ஆனா, அது உட்கார்ந்திருக்கிற ஹெட் வார்ப்பிரும்பு. அதுக்கு ஒண்ணுன்னா இன்ஜின் நிக்கும், தண்ணி நிக்கும், வயல் காயும். பழைய மாடலா இருந்தா மாற்று ஹெட் தேடி ஊர் ஊரா அலையணும். ஸ்டட்டோ ஒரு டீ, வடை காசு. எதைக் காப்பாத்தணும்னு இப்போ புரியுதா?

ஏன் இந்தப் பிடிவாதம்?

இரும்பு துருப்பிடிச்சா தேய்ஞ்சு போகும்னுதானே நினைக்கிறோம்? உண்மையில அது வீங்குது. துரு, தான் உருவான இரும்பைவிட ரெண்டு மடங்குக்கும் மேல இடத்தை அடைச்சுக்கும். மரைக்கும் மரைக்கும் நடுவுல இருக்கிற முடி அளவு இடைவெளியில இந்த வீக்கம் நடந்தா என்ன ஆகும்? ஆப்பு அடிச்ச மாதிரி இறுகிக்கும். அதுவும் புகைக்குழாய் பக்கம்னா கேட்கவே வேண்டாம். ஓடும்போது சூடு, நிறுத்தினா குளிர்ச்சி, மழைக்காலத்துல ஈரம், போதாக்குறைக்கு கரி. வருஷக்கணக்கா இதே கதை.

இப்போ நம்ம பைப் வைத்தியத்தைக் கணக்குப் போடுவோம். 10 மி.மீ. ஸ்டட், அதாவது எம் 10 சைஸ், 8.8 கிரேடு. இதை டைட் பண்ணத் தேவையான முறுக்குவிசை சுமார் 50 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் பைப் போட்டு வெறும் 20 கிலோ பலம் கொடுத்தாலே அங்கே கிட்டத்தட்ட 200 நியூட்டன் மீட்டர் போய்ச் சேருது. நாலு மடங்கு! உடையாம என்ன செய்யும்?

வார்ப்பிரும்பு ஒரு தனிப்பிறவி

‘ஸ்டட் இவ்வளவு ஸ்ட்ராங்னா, ஹெட் அதைவிட ஸ்ட்ராங்காத்தானே இருக்கும், எவ்வளவு குண்டா இருக்கு?’ன்னு கேட்கலாம். அதுதான் இல்லை. சாதாரண மைல்டு ஸ்டீல்ல கார்பன் 0.25 சதவிகிதத்தைத் தாண்டாது. வார்ப்பிரும்புல 2.5 முதல் 4 சதவிகிதம் வரை இருக்கும். அந்த கார்பன்ல பெரும்பகுதி, கிராஃபைட் இதழ்களா உள்ளே சிதறிக் கிடக்கும். பென்சில் முனையில இருக்கே, அதே கிராஃபைட்தான். ஒவ்வொரு இதழும், உள்ளுக்குள்ள ஏற்கெனவே இருக்கிற ஒரு குட்டி விரிசல் மாதிரி. அதனால வார்ப்பிரும்பு அமுக்கினா தாங்கும். இழுத்தா, விரிச்சா பிளந்துடும். அமுக்கத்தைத் தாங்குற பலத்துல மூணுல ஒரு பங்கோ நாலுல ஒரு பங்கோதான் இழுவைக்கு.

நம்ம இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 210-ல எஃப்.ஜி. 200னு ஒரு ரகம் உண்டு. ஒரு சதுர மி.மீ-க்கு 200 நியூட்டன் இழுவையைத் தாங்கணும்னு அர்த்தம். 8.8 கிரேடு ஸ்டட் 800 தாங்கும். ஆக, குண்டா இருக்கிற ஹெட் கண்ணாடி வீடு. ஒல்லியா இருக்கிற ஸ்டட்தான் ரவுடி. ஹெட்டோட ஓரத்துல ஸ்டட் இருந்து, அந்த ஓட்டையை உள்ளிருந்து விரிக்கிற மாதிரி நீங்க எதைச் செஞ்சாலும், ஒரு துண்டு பெயர்ந்து கையில வந்துடும்.

உடையறதுக்கு முன்னாடி...

சரி, இப்பத்தான் நட்டு அசையலை, இன்னும் எதுவும் உடையலைன்னா நீங்க அதிர்ஷ்டசாலி. நாலு வேலை செய்யுங்க.

ஒண்ணு, ஊற விடுங்க. வெளியே தெரியற மரையை கம்பி பிரஷ்ஷால தேய்ச்சுட்டு, துரு இளக்கும் ஆயிலை விட்டுட்டு வீட்டுக்குப் போயிடுங்க. சாயங்காலம் ஒருமுறை, மறுநாள் காலையில ஒருமுறை. எல்லாரும் கேட்கிற டபிள்யூ.டி-40 தெரியும்ல? 1953-ல அமெரிக்காவோட சான் டியேகோ நகரத்துல, ஈரத்தை விரட்டுறதுக்காக 40-வது முயற்சியில கிடைச்ச ஃபார்முலா. அதான் பேர்லயே 40. துரு இளக்குறதுக்குன்னே தனியா ‘பெனிட்ரேட்டிங் ஆயில்’ கடையில கிடைக்குது; அது இன்னும் நல்லது. எது போட்டாலும், மெயின் மருந்து நேரம்தான்.

ரெண்டு, தட்டுங்க. அடிக்காதீங்க, தட்டுங்க! ஸ்டட்டோட நுனியில சின்னச் சுத்தியலால நேரா பத்து, பதினைஞ்சு தட்டு. அந்த அதிர்வுல துரு நொறுங்கி, ஆயில் உள்ளே இறங்க வழி கிடைக்கும். நுனி மரை நசுங்காம இருக்க, நடுவுல ஒரு பித்தளைத் துண்டை வெச்சுக்குங்க.

மூணு, ஆறுமுனை சாக்கெட்டோ ரிங் ஸ்பேனரோ எடுங்க. வாய் விரிஞ்ச பழைய ஸ்பேனர், நட்டோட மூலையை உருட்டிடும். முதல்ல கழட்டுற பக்கம் திருப்பாம, இறுக்குற பக்கம் ஒரு நூல் அளவு அசைங்க. அசைஞ்சதா? இப்போ கழட்டுற பக்கம் கால் சுற்று, திரும்ப இறுக்குற பக்கம் அரைக்கால் சுற்று, கொஞ்சம் ஆயில். முன்னே, பின்னே, முன்னே, பின்னே... திருவிழாவுல தேர் திருப்புற மாதிரி பொறுமையா!

நாலு, சூடு. ஆயிலைச் சுத்தமா துடைச்சுட்டு, டீசல் டேங்க்கையும் குழாயையும் கழட்டித் தள்ளி வெச்சுட்டுத்தான் இந்த வேலை. இது விளையாட்டில்லை. நட்டைச் சுத்தி நிதானமா, பரவலா சூடு காட்டுங்க. 10 மி.மீ. ஓட்டை 200 டிகிரி சூடாச்சுன்னா சுமார் 0.02 மி.மீ. விரியும். அவ்வளவுதானான்னு கேட்காதீங்க. துருவோட பிடியை உடைக்க அது போதும். சூடா இருக்கும்போதே மரையோரத்துல ஒரு மெழுகுவர்த்தியை வெச்சுத் தேய்ச்சா, உருகின மெழுகு உள்ளே இறங்கி வழுக்க வைக்கும். பட்டறைக்காரங்களோட பழைய வித்தை இது. ஆனா ஒண்ணு... சீக்கிரம் ஆறட்டும்னு பக்கெட் தண்ணியை மட்டும் ஊத்திடாதீங்க. சூடான வார்ப்பிரும்புல தண்ணி பட்டா விரிசல் நிச்சயம்.

உடைஞ்சிடுச்சா? கையைக் கட்டுங்க!

‘டக்’ சத்தம் கேட்டாச்சு. இப்போ முதல் வேலை, எதுவும் செய்யாம இருக்கிறது. ஒரு டீ குடிச்சுட்டு வந்து, மொட்டை எந்த நிலைமையில இருக்குன்னு பாருங்க. ஹெட்டைக் கழட்டி மேஜை மேல வெச்சுட்டா வேலை பாதி சுலபம்.

மொட்டை வெளியே கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருக்கா? ரெண்டு பக்கமும் அரத்தால ராவித் தட்டையாக்கி, கிரிப் பிளையரால பிடிச்சு, மேலே சொன்ன ஆயில், தட்டு, சூடு வைத்தியத்தை மறுபடி செய்யுங்க. பல நேரம் வந்துடும்.

தரையோடு தரையா உடைஞ்சிருக்கா? வெல்டிங் பட்டறைக்குப் போங்க. அங்கே செய்யற வித்தையைப் பக்கத்துல இருந்து (ஆனா வெல்டிங் கண்ணாடியோடு!) பாருங்க. மொட்டை மேல ஒரு வாஷரை வெச்சு அதோட ஓட்டை வழியா ஸ்டட்டோடு பற்ற வைப்பாங்க. வாஷர் மேல ஒரு நட்டை வெச்சு, நட்டோட உள்பக்கத்தை வெல்டிங்காலேயே நிரப்புவாங்க. பிடிக்க ஒரு புதுத் தலை கிடைச்சாச்சு! ஆனா நிஜ ஹீரோ அந்தத் தலை இல்லை, வெல்டிங்கோட சூடு. ஸ்டட் மட்டும் தகதகன்னு சூடாகி விரியப் பார்க்கும். சுத்தி இருக்கிற ஹெட் விடாது. அந்த நெருக்கத்துல ஸ்டட் கொஞ்சம் நசுங்கும். ஆறும்போது அது சுருங்க, துருவோட பிடி விட்டுப் போகும். சிவப்பு நல்லா அடங்கின பிறகு மெதுவா ஸ்பேனர் போட்டு முன்னே, பின்னே அசைச்சா... வரும். முதல் தடவை பற்ற வெச்சது பிய்ஞ்சு போனா சோர்ந்துடாதீங்க. ரெண்டாவது, மூணாவது தடவையிலதான் பெரும்பாலும் வரும். துத்தநாகம் பூசின நட்டு வேண்டாம். அந்தப் புகை உடம்புக்கு ஆகாது.

உள்ளே ஆழமா உடைஞ்சிருக்கா? அப்போ டிரில் பண்ணித்தான் ஆகணும். ஹெட்டுக்கு உண்மையான ஆபத்து ஆரம்பிக்கிறது இங்கேதான்.

கரித்தூள் சொல்லும் சேதி

டிரில் பண்ண உட்கார்ற எல்லாரும் அவசரப்படற இடம், சென்டர். உடைஞ்ச முகம் கரடு முரடா இருக்கும். அதுல டிரில் பிட்டை வெச்சா, அது வழுக்கி, ஸ்டட்டைவிட மெத்துன்னு இருக்கிற வார்ப்பிரும்புப் பக்கம்தான் ஓடும். தண்ணி பள்ளத்துக்கு ஓடற மாதிரி! அதனால முதல்ல முகத்தைத் தட்டையாக்கணும். பிறகு சென்டர் பஞ்ச். இன்னும் நல்ல வழி ஒண்ணு இருக்கு. லேத்துல ஒரு குட்டி புஷ் கடைஞ்சு வாங்குங்க. வெளி விட்டம், புகைக்குழாய் ஃபிளாஞ்ச் ஓட்டைக்குள்ள கச்சிதமா உட்கார்ற அளவு. உள்ளே 4 மி.மீ. ஓட்டை. ஃபிளாஞ்ச்சை இன்னொரு ஸ்டட்ல மாட்டி நிறுத்தி, இந்த புஷ் வழியா டிரில் பண்ணினா, பிட் அப்படி இப்படி நகர வழியே இல்லை.

பிட் எங்கே போகுதுன்னு கண்ணுக்குத் தெரியாதே, எப்படிக் கண்டுபிடிக்கிறது? வெளியே வர்ற கழிவைப் பாருங்க பாஸ். ஸ்டீல்னா பளபளன்னு சுருள் சுருளா வரும். வார்ப்பிரும்புன்னா கறுப்பா பொடிப் பொடியா கொட்டும், எல்லாம் அந்த கிராஃபைட் புண்ணியம். சுருள் வந்துக்கிட்டே இருந்து திடீர்னு கரித்தூள் வந்தா, அதுக்கு ஒரே அர்த்தம்தான். நீங்க ஸ்டட்டை விட்டுட்டு ஹெட்டைக் குடைஞ்சுக்கிட்டு இருக்கீங்க. உடனே நிறுத்துங்க!

எல்லாம் ஒழுங்கா போனா, படிப்படியா 5, 7 மி.மீ.னு பெரிசாக்குங்க. முடிஞ்சா இடதுகைச் சுற்று டிரில் பிட் தேடி வாங்குங்க. கழட்டுற திசையிலேயே அது குடையறதால, நடுவழியிலேயே ஸ்டட் பயந்து கழண்டு வெளியே வர்றதும் உண்டு. வரலைன்னா கடைசிப் படி. எம் 10-ல ரெண்டு மரைக்கு இடையில 1.5 மி.மீ. பத்துல இருந்து ஒண்ணரையைக் கழிச்சா 8.5. அதுதான் கடைசி டிரில் அளவு. சென்டர் சரியா இருந்தா, மீதி மரை ஸ்பிரிங் கம்பி மாதிரி சுருண்டு நிக்கும். கூர்மையான ஊசியால கிளறி எடுத்துட்டு, டேப் விட்டுச் சுத்தம் பண்ணினா பழைய மரை அப்படியே கிடைக்கும். சென்டர் கால் மி.மீ. விலகினா, ஒரு பக்கத்து மரையைப் பதம் பார்த்துடும்.

டேப் விடறதுக்கு முன்னாடி இன்னொரு செக். பழைய பிரிட்டிஷ் டிசைன் இன்ஜின்கள்ல மெட்ரிக் மரை இருக்கணும்னு அவசியமில்லை. 1841-ல ஜோசஃப் விட்வொர்த் வகுத்த 55 டிகிரி மரையா இருக்கலாம். நம்ம மெட்ரிக் மரை 60 டிகிரி. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். 3/8 அங்குல விட்வொர்த் ஓட்டையில எம் 10 டேப்பை விட்டா, அத்தனை பாடும் வீண். உடைஞ்ச துண்டை திரெட் கேஜ்ல வெச்சுப் பார்த்துட்டு இறங்குங்க.

பேருதான் ஈஸி!

‘இவ்வளவு எதுக்கு? கடையில ஈஸி அவுட்னு ஒண்ணு விக்குதே! ஓட்டை போட்டு, சொருகி, திருப்பினா வந்துடுமாமே?’ன்னு ஃப்ரெண்ட் ஒருத்தர் ஐடியா கொடுப்பார். யோசிச்சுப் பாருங்க. முழு ஸ்டட்டையே முழு ஸ்பேனரால திருப்ப முடியலை. அதுக்குள்ள போடற சின்ன ஓட்டையில, அதைவிட ஒல்லியான ஒரு கம்பியைச் சொருகித் திருப்பினா வருமா? லேசா பிடிச்சிருக்கிற ஸ்டட்டுக்கு இது சரி. துருவுல இறுகினதுக்கு இல்லை. அது கூம்பு வடிவம் வேற. உள்ளே இறங்க இறங்க ஸ்டட்டை விரிச்சு இன்னும் இறுக்கும்.

அதைவிடப் பெரிய பிரச்னை, அது கடினமாக்கப்பட்ட எஃகு. வளையாது, உடையும். உள்ளே உடைஞ்சா, உங்க சாதாரண ஹெச்.எஸ்.எஸ். டிரில் பிட் அது மேல பாட்டுப் பாடுமே தவிர, கீறல்கூடப் போடாது. டேப் உள்ளே உடைஞ்சாலும் இதே கதிதான்.

அப்படி ஆயிட்டா கதை முடிஞ்சதான்னா, இல்லை. ‘ஸ்பார்க் எரோஷன்’னு உங்க புரொடக்‌ஷன் டெக்னாலஜி புக்ல ஒரு பாடம் வருமே... மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்திருப்பீங்க. 1943-ல சோவியத் யூனியன்ல போரிஸ், நடாலியா லாசரெங்கோ என்கிற தம்பதி உருவாக்கின முறை. மின்தொடர்பு முனைகள் தீப்பொறியால அரிக்கப்படறதை எப்படித் தடுக்கிறதுன்னு ஆராயப் போய், அந்த அரிப்பையே வேலைக்காரனா மாத்திட்டாங்க. எவ்வளவு கடினமான உலோகமா இருந்தாலும், மின்சாரம் கடத்தினா போதும், பொறி பொறியா கரைச்சுடும். உடைஞ்ச டேப்பை எடுக்கிறதுதான் இந்த முறை ஆரம்பத்துல செய்த வேலைகள்ல ஒண்ணு. மரையைத் தொடாம நடுவை மட்டும் கரைச்சு எடுக்கலாம். அச்சு தயாரிக்கிற டூல் ரூம்கள்ல இந்த மெஷின் இருக்கும். காசு ஆகும்தான். ஆனா, ஹெட் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

எங்கே நிறுத்தணும்?

இந்த வேலையில கெட்டிக்காரத்தனம் என்பது கழட்டத் தெரிஞ்சிருக்கிறது மட்டும் இல்லை, நிறுத்தத் தெரிஞ்சிருக்கிறதும்தான். ஒவ்வொரு படியிலயும் ஒரு கேள்வி கேளுங்க: ‘நான் இப்போ செய்யப்போறது தோத்துப் போனா, அடுத்த வழி ஏதாவது மிச்சம் இருக்குமா?’ ஆயில் தோத்தா சூடு இருக்கு. சூடு தோத்தா வெல்டிங் இருக்கு. வெல்டிங் தோத்தா டிரில் இருக்கு. ஆனா, கோணலா போட்ட ஓட்டையும் உள்ளே உடைஞ்ச ஈஸி அவுட்டும் மற்ற வழியை எல்லாம் அடைச்சுடும். அதனால திரும்பி வர முடிகிற வேலையை முதல்ல, முடியாததைக் கடைசியா செய்யுங்க. உங்க கை நடுங்குதா, கோபம் வருதா, இருட்டிடுச்சா? மூடி வெச்சுட்டு லேத் பட்டறை அண்ணன்கிட்டே போங்க. அவர் பட்டம் வாங்காதவரா இருக்கலாம். ஆனா அவர் கைக்கு இந்தக் கணக்கெல்லாம் அத்துப்படி. போய் பக்கத்துல நின்னு பார்க்கிறதுல எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. கேட்டா சொல்லித் தருவார். கேட்காம டிரில்லைத் தொட்டா திட்டுவார். ரெண்டுமே பாடம்தான்.

மரை போயே போச்சுன்னாலும் கவலை வேண்டாம். ஓட்டையைப் பெரிசாக்கி, கம்பிச் சுருள் மாதிரியான ஹெலிகாயில் போட்டு, பழைய அளவு மரையையே திரும்பக் கொண்டு வரலாம். ஹெட்ல விரிசல் விழாத வரைக்கும் எல்லாத்துக்கும் வைத்தியம் உண்டு. விரிசல் விழுந்துட்டா, வார்ப்பிரும்பை ஒட்டுறது தனிக் கலை. முன்கூட்டியே சூடு பண்ணி, நிதானமா ஆற வெச்சு... அது எல்லாப் பட்டறையிலயும் நடக்கிற வேலை இல்லை.

ஒரு விஷயத்துல மட்டும் நோ காம்ப்ரமைஸ். கண்ணுக்குக் கண்ணாடி போடாம சுத்தியலையோ டிரில்லையோ தொடாதீங்க. தெறிக்கிற துருவுக்கும் உடையற பிட்டுக்கும் நீங்க கேம்பஸ் இன்டர்வியூக்குப் போகப்போறவர்னு தெரியாது. ஹெட்டை வேற வாங்கலாம் பாஸ், கண்ணை..?

புது ஸ்டட் வாங்கியாச்சா? ஓட்டையை ஊதிச் சுத்தம் பண்ணுங்க. மரையில கொஞ்சம் ‘ஆன்ட்டி சீஸ்’, அதாவது தாமிரத்தூள் கலந்த பசை தடவுங்க. சாதாரண கிரீஸ் புகைக்குழாய் சூட்டுல எரிஞ்சு போயிடும், இது தாங்கும். முடிஞ்சா பித்தளை நட்டு போடுங்க, அது ஸ்டீல் ஸ்டட்டோடு சேர்ந்து துருப்பிடிக்காது. பசை போட்ட மரை வழுக்கும், அதனால வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவான பலத்துல இறுக்கினாலே போதும். பைப்புக்கு லீவு கொடுங்க!

நீங்க இவ்வளவு பாடுபட்டதுக்குக் காரணம், யாரோ ஒருத்தர் பல வருஷத்துக்கு முன்னாடி அந்த ஸ்டட்டை வறட்டு மரையோடு, பைப் போட்டு இறுக்கிட்டுப் போனதுதான். அவருக்கு அன்னிக்கு ரெண்டு நிமிஷம் மிச்சம். இன்னும் பத்து வருஷம் கழிச்சு அதே இன்ஜின் முன்னாடி வேற யாரோ ஸ்பேனரோடு உட்காரப் போறாங்க. உங்க தம்பியா இருக்கலாம், முகம் தெரியாத மெக்கானிக்கா இருக்கலாம். அவங்க ஒரு சின்ன இழுப்புல நட்டைக் கழட்டிட்டு, ‘பரவாயில்லையே, எவனோ ஒழுங்கா வேலை செஞ்சிருக்கான்’னு சொல்லட்டும். நீங்க பக்கத்துல இருக்க மாட்டீங்க. ஆனாலும் பசையைத் தடவிட்டு நட்டைப் போடுங்க.